எடுத்துக்கொண்டு போங்கள்

வணக்கம் நேயர்களே. பிடித்த நாவல் என்றால் நான் இரண்டு பிரதி வாங்குவேன். ஒன்று வீட்டுக்கு. மற்றது வெளியே எங்காவது விட்டுவிட்டு வர, யார் கண்ணில் படுகிறதோ அவருக்கு. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 2001இல் ரான் ஹார்ன்பேக்கர் என்ற அமெரிக்கர் புக்கிராசிங் என்று ஓர் இணையதளமே தொடங்கினார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் உண்டு. எடுத்தவர் அந்த எண்ணைப் போட்டு எங்கே கிடைத்தது என்று எழுதலாம், படித்துவிட்டு அவரும் எங்காவது விட்டுவிடலாம்.

நம் பினாங்கில் தமிழ்ப் புத்தகத்தை அப்படிக் கண்ட இடத்தில் விட முடியாது. பட்டர்வொர்த் ஃபெர்ரியில் விட்டால் பக்கத்தில் உட்காருபவருக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டுமே! அதனால் நம் ஆட்கள் சும்மா காத்திருக்கும் இடமாகப் பார்க்கிறேன்: முடிவெட்டும் கடை, கிளினிக், சாப்பாட்டுக் கடை. அங்கேயும் ஒரு தொல்லை இருக்கிறது. நம் ஆட்களின் நேர்மை!

அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலை லிட்டில் இந்தியா பக்கம் ஓர் ஒட்டுக்கடை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நம் ரப்பர் தோட்டத்துச் சனங்களின் கதை, தெரியும்தானே. சில மாதம் கழித்து அங்கே தே தாரிக் குடிக்கப் போனால், கடைக்கார அக்கா கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுக்கிறார்.

"அண்ணே, விட்டுட்டுப் போயிட்டீங்க."

உள்ளே என் நாவல். அட்டை மூலையில் மஞ்சள் கறை, நடுவில் அடையாளத்துக்குக் கடை ரசீது.

"படிச்சீங்களா அக்கா?"

"பாதிதான். நீங்க எப்ப கேட்டு வருவீங்களோன்னு வேகவேகமா படிச்சேன். எங்கம்மாவும் பால்மரம் சீவினவங்கதானே."

பாவம், இரவல் பொருளைப் போல பயந்து பயந்து படித்திருக்கிறார். எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றால் நம்பவில்லை. "வேணாம்னா அப்புறம் எதுக்குக் காசு போட்டு வாங்குனீங்க?" என்கிறார். கடைசியில் இன்னொரு தே தாரிக் வாங்கிக் குடித்த பிறகுதான் பை மறுபடியும் கல்லாவுக்கு அடியில் போனது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்: 'இது தொலைந்த புத்தகம் இல்லை, உங்களுக்குத்தான், எடுத்துக்கொண்டு போங்கள்.' அட்டையிலும் ஒட்டுங்கள். எழுதாவிட்டால் புத்தகம் கல்லாவை விட்டு நகராது.

எந்த நாவலை விடலாம், எதை விடக்கூடாது என்று ஒரு பெரிய பேச்சே வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கையை ஆட்டுகிறார். சரி, ஒன்றே ஒன்று: தொடர்கதையின் இரண்டாம் பாகத்தை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள், எடுத்தவர் சபிப்பார். அப்புறம் மழை, பையில் போட்டு வாயை நன்றாக ஒட்டி... நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.