இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பணம் இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து ஸ்டூடியோக்காரர்களும், பாடசாலைக் கணினிக்கூடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ஹார்ட் டிஸ்க் நான்கு டெராபைட் வாங்குவதா, எட்டு டெராபைட் வாங்குவதா?" என்பதுதான். முதலாவது பழுதானால் கைகொடுக்கும் நகலை வைக்க, இரண்டாவது டிஸ்க்குக்குப் பணம் ஒதுக்கியாயிற்றா என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. கையில் இருக்கும் பணம் எட்டு டெராபைட் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நான்கு டெராபைட்டில் இரண்டு வாங்குங்கள்; ஒன்று வேலைக்கு, மற்றது நகலுக்கு. சேமிக்கும் இடம் பாதியாகிவிடுமே என்று முகம் சுளிப்பவர்களுக்காகத்தான் இந்த உரை.

முதலில் உங்கள் தேவையைக் கணக்குப் பாருங்கள். நொடிக்கு நூறு மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ, மணிக்கு 45 கிகாபைட் இடம் பிடிக்கும். இரண்டு கமராக்கள் மூன்று மணிநேரம் ஓடினால் ஒரு கல்யாணத்துக்கு 270 கிகாபைட். நான்கு டெராபைட்டில், அதாவது நாலாயிரம் கிகாபைட்டில், பதினான்கு கல்யாணங்கள் அடங்கும். தையிலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் நெருங்கி வரும்போது அது எத்தனை வாரம் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்டவருக்கு எட்டு டெராபைட் நியாயமான தேவைதான். அவர் எட்டில் இரண்டு வாங்க வேண்டும். கடைக் கணக்கும் கடிதங்களும் குடும்பப் படங்களும் மட்டும் வைத்திருப்பவர் எட்டுக்கு ஆசைப்படுவது வீண் செலவு. எட்டு டெராபைட் என்று வாங்கியதைக் கணினி 7.27 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது கொள்ளளவும் வேகமும். உண்மையில் பார்க்க வேண்டியது, தரவு உள்ளே எந்த முறையில் எழுதப்படுகிறது என்பதை. எஸ்.எம்.ஆர்., சி.எம்.ஆர். என்று இரண்டு முறைகள் உண்டு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரையில் ஒரு தகரத்தின் விளிம்பின் மேல் அடுத்த தகரம் ஏறி நிற்குமே, எஸ்.எம்.ஆர். முறையில் தரவுத் தடங்கள் அப்படித்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அதே பரப்பில் கூடுதலாக அடக்கலாம், விலையும் குறையும். ஆனால் நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதை அடுத்துள்ள தடங்களையும் சேர்த்தே திருப்பி எழுத வேண்டும். அதனால் புதிதில் வேகமாக ஓடும் டிஸ்க், நிரம்பிய பின் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது திணறும். சி.எம்.ஆரில் தடங்கள் தனித்தனியாக இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

இதை உற்பத்தியாளர்களே தெளிவாகச் சொல்லாத காலமும் இருந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் 'ரெட்' வரிசையின் சில டிஸ்க்குகளில் எஸ்.எம்.ஆர். இருப்பதை அறிவிக்காமல் விற்றது 2020இல் வெளிப்பட்டு, பெரிய சர்ச்சையானது. பிறகு சி.எம்.ஆர். டிஸ்க்குகளுக்கு 'ரெட் பிளஸ்' என்று தனிப்பெயர் வைத்தார்கள். சீகேட்டின் 'அயன்வூல்ஃப்', தொஷிபாவின் 'என்300' வரிசைகளும் சி.எம்.ஆர்.தான். சீகேட் 'பாரகூடா' வரிசையில் பிரபலமான எட்டு டெராபைட் டிஸ்க் எஸ்.எம்.ஆர். அதை மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன். வாரம் ஒருமுறை நகல் எடுத்துவிட்டுக் கழற்றி வைப்பதற்கு அது போதும். தினமும் எடிட்டிங் செய்யும் டிஸ்க்குக்கு மட்டும் சி.எம்.ஆர். என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், டிஸ்க்கின் மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்து உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் பாருங்கள். தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்றா, 7200 சுற்றா என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள்; விண்டோஸை, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான ஓர் எஸ்.எஸ்.டி.யில் போட்டுவிட்டால் அந்த வித்தியாசம் சேமிப்பு வேலையில் பெரிதாகத் தெரியாது.

கொழும்பிலிருந்து வரும் பழைய அலுவலகக் கணினிகள் இங்கே அதிகம். ஒல்லியான பெட்டி என்றால் மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்றுக்குத்தான் உள்ளே இடம் இருக்கும். வாங்குவதற்கு முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை, விண்டோஸில் முதன்முறை தயார் செய்யும்போது கேட்கும் இரண்டு பிரிப்பு முறைகளில் ஜி.பி.டி. என்ற முறையில் தயார் செய்யாவிட்டால், மிச்ச இடம் இருந்தும் பயன்படாது.

மலைக்கு மேலே ஹார்ட் டிஸ்க் சரியாக ஓடுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. சாதாரண டிஸ்க்கில் எழுதும் முனை, சுழலும் தட்டைத் தொடாமல் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. காற்று மிகவும் அடர்த்தி குறைந்தால் அது தாழ்ந்து தட்டில் உரசலாம். அதனால் உற்பத்தியாளர்கள் ஏறத்தாழ மூவாயிரம் மீற்றர் என்று உயர எல்லை வைத்திருக்கிறார்கள். நுவரெலியா 1,868 மீற்றர். நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். அங்கேயே கொண்டுபோய் வைத்தாலும் ஓடும். 2013 முதல் வெளிக்காற்று புகாதபடி ஹீலியம் அடைத்து மூடிய டிஸ்க்குகளும் சந்தைக்கு வந்துவிட்டன. நமக்கு உண்மையான தொல்லை ஈரம். குளிர்ந்த அலுமாரியில் கிடந்த டிஸ்க்கைச் சூடான அறைக்குக் கொண்டுவந்த உடனே மாட்டினால், உள்ளும் புறமும் நீர் பூத்திருக்கலாம். உறையைப் பிரிக்காமல் சில மணிநேரம் விட்டுவிட்டு மாட்டுங்கள்.

ஈரத்தை விடக் கொடியது மின்சாரம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னலை நான் விளக்கத் தேவையில்லை. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணையே குழம்பலாம். பெரிய டிஸ்க் வாங்கக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, மின்சாரம் போனதும் பற்றரியால் சற்று நேரம் கணினியை ஓட்டும் யூ.பி.எஸ்.ஸுக்குக் கொடுங்கள்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது டிஸ்க்கைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதையும் அதே கணினிக்குள் நிரந்தரமாக மாட்டி வைத்து, பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். ஒரே மின்னல் இரண்டையும் எரிக்கும். ஒரே வைரஸ் இரண்டையும் பூட்டும். நகல் எடுக்கும்போது மட்டும் அதை இணைத்து, முடிந்ததும் கழற்றி வேறிடத்தில் வைக்க வேண்டும். இதற்கென்று, டிஸ்க்கைச் செருகிக் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. டொக் கிடைக்கிறது, மூன்றரை அங்குல டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் வேண்டும், அது உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எட்டு டெராபைட்டை முழுதாகப் படியெடுக்க, நொடிக்கு 180 மெகாபைட் வேகம் கிடைத்தாலும், பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேலாகும். முதல் நகலுக்கு ஓர் இரவை ஒதுக்கிவிடுங்கள்.

வேறிடம் என்றால் பக்கத்து அறை இல்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது லயங்கள் முழுதாகப் புதைந்தன. உயிர் தப்பியவர்களும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் இழந்து நின்றார்கள். பிரசாவுரிமைக்காக ஒரு துண்டுக் கடதாசியைத் தேடி அலைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வீட்டுப் பத்திரங்களை ஸ்கேன் செய்து டிஸ்க்கில் போடுகிறவர்கள், ஒரு நகலை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பத்திரங்கள் அளவில் சிறியவை, இணையத்திலும் ஏற்றலாம். வீடியோவுக்கு அது சரிவராது: நொடிக்கு ஐந்து மெகாபிட் வேகத்தில் ஒரு கல்யாணத்தை ஏற்றி முடிக்க ஐந்து நாளாகும்.

வாங்கும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம். டுபாயிலிருந்தோ கட்டாரிலிருந்தோ அண்ணன் கொண்டுவரும் டிஸ்க்குக்கு உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள். கொழும்பு பம்பலப்பிட்டிக் கடைகளில் வாங்கினாலும் பில்லில் தொடர் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். 2025 தொடக்கத்தில், பல ஆயிரம் மணிநேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளைச் சில வியாபாரிகள் புதியவை என்று விற்றது ஐரோப்பாவில் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கேயே அப்படி என்றால் நாமும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் ஓடிய மணிநேரத்தைக் காட்டும். புதிய டிஸ்க்கில் அது பூச்சியமாகவோ ஓரிரு மணியாகவோ இருக்க வேண்டும். பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையையும் அதிலேயே பாருங்கள். புதிய டிஸ்க்கில் அது பூச்சியத்துக்கு மேல் இருந்தால், ஒரு கோப்பைக்கூடப் போடாமல் அன்றே கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்லுங்கள்.