ஒன்றரை மில்லி மருந்து

நேயர்களுக்கு வணக்கம். ஐசியூவில் வேலை பார்க்கும் டாக்டர் நான். நுரையீரல் திடீரென்று செயலிழந்தால் என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள்.

நிமோனியா முற்றும்போது நுரையீரலின் காற்றுப் பைகளைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் கசியும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும். 1967-ல் அமெரிக்காவின் டென்வர் மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து இதை விவரித்தார்கள். அன்றிலிருந்து மருந்து தேடுகிறோம். நைட்ரிக் ஆக்சைடு வாயு கொடுத்தால் ஆக்சிஜன் அளவு ஏறியது, ஆனால் இறப்பு குறையவில்லை. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலைச் சுருங்கிவிடாமல் காப்பாற்றும் சர்ஃபாக்டன்ட் என்ற மருந்து பெரியவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. வென்டிலேட்டரில் காற்றை அளவாகச் செலுத்துவதும், குப்புறப் படுக்க வைப்பதும்தான் உயிர்களைக் காப்பாற்றின.

அப்புறம் 2020 ஜூன். கொரோனாவுக்கான மருந்துகளைச் சோதிக்க ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ‘ரெக்கவரி’ ஆய்வின் முடிவு வந்தது. மருந்து புதிதல்ல, டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய ஸ்டீராய்டு. நம் ஊரில் சில ரூபாய்தான். தினம் 6 மில்லிகிராம், அதிகம் போனால் 10 நாள். இரண்டு மில்லி குப்பியில் நர்ஸ் ஒன்றரை மில்லி உறிஞ்சி எடுப்பார், அவ்வளவுதான். அதற்கே வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது! அந்தச் செய்தியைப் படித்த நாளை என்னால் மறக்க முடியாது.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இந்த மருந்தால் பலன் இல்லை. அது நம் காதில் சரியாக விழவில்லை. 2021-ல் இரண்டாம் அலை வந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி, காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே விழுங்கினார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அப்படி விழுங்கிய நாற்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். ஆக்சிஜன் 97. மூச்சில் ஒரு குறையும் இல்லை. இடது கண் மட்டும் வீங்கி மூடியிருந்தது, மூக்கில் கருப்பாகப் பொருக்கு. சர்க்கரை 400-க்கு மேல். கருப்புப் பூஞ்சை. உயிர் பிழைத்தார், அந்தக் கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டு மருந்து டப்பாவில் பழைய டெக்ஸா அட்டை கிடந்தால், அடுத்த காய்ச்சலுக்கு என்று வைத்திருக்காதீர்கள். டாக்டர் சொல்லி நாள்பட ஸ்டீராய்டு எடுப்பவர்கள் மட்டும் தாங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. யாருக்கு மூச்சு வாங்கினாலும் மருந்துக் கடைக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நன்றி, வணக்கம்.