எல்லாருக்கும் பார்ட்னர்ஷிப், யாருக்கும் கல்யாணம் இல்லை: கலிபோர்னியாவின் 2009 யோசனை எங்கே இடித்தது?

[திரையில்: கலிபோர்னியா வரைபடம். கீழே "மார்ச் 2009"]

குரல்: கலிபோர்னியாவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் மக்கள் வாக்கெடுப்பு கோரும் ஒரு மனுவுக்குக் கையெழுத்து திரட்ட அனுமதி வாங்குகிறார்கள். மாநிலச் சட்டத்தில் 'திருமணம்' என்று வரும் இடத்திலெல்லாம் 'டொமெஸ்டிக் பார்ட்னர்ஷிப்' என்று மாற்ற வேண்டும். ஆணும் பெண்ணுமோ, ஒரே பாலினத்தவரோ, எந்த ஜோடியாக இருந்தாலும் அதே பெயர், அதே உரிமை. கல்யாணத்தைக் கோயிலும் சர்ச்சும் குடும்பமும் பார்த்துக்கொள்ளட்டும், பதிவை மட்டும் அரசு பார்க்கட்டும் என்பது வாதம்.

ஏன் அந்த நேரத்தில்? 2008 மே 15 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் ஒரே பாலினத்தவரும் மணக்கலாம் என்றது. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று, 'புரொபசிஷன் 8' என்ற மக்கள் வாக்கெடுப்பு சுமார் 52 சதவீத வாக்குகளோடு வென்று அதைத் தடுத்தது. இடைப்பட்ட மாதங்களில் ஏறத்தாழ 18,000 ஜோடிகள் மணம் முடித்திருந்தார்கள்.

மே மாதத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். சட்டமன்றம் எல்லா ஜோடிகளுக்கும் பொதுவாக வேறொரு பெயரைச் சூட்டினால் செல்லுமா என்ற கேள்விக்கு, "இந்த வழக்கில் அதை முடிவு செய்யத் தேவையில்லை" என்று விட்டுவிட்டார்கள். 2009 மார்ச்சில் புரொபசிஷன் 8 வழக்கு விசாரணைக்கு வந்தபோது நீதிபதி மிங் சின் அதே கேள்வியை வக்கீல்களிடம் எழுப்பினார். மாணவர்களின் மனு நுழையப் பார்த்தது இந்தக் கதவு வழியாகத்தான்.

[திரையில்: 6,94,354 கையெழுத்து / 150 நாள்]

அரசியல் சட்டத் திருத்தம் என்பதால் இவ்வளவு கையெழுத்து தேவை. காசு கொடுத்து ஆள் வைக்காமல் கலிபோர்னியாவில் இந்த எண்ணிக்கையைத் தொடுவது மிகவும் கஷ்டம். மனு வாக்குச்சீட்டு வரை போகவில்லை.

ஆனால் அந்த யோசனையின் ஒரு பாதி, அதாவது எல்லா ஜோடிக்கும் பார்ட்னர்ஷிப் என்பது, இன்று அங்கே நடைமுறையில் இருக்கிறது. அதைப் பார்த்தாலே மறுபாதி ஏன் சிக்கல் என்று புரிந்துவிடும்.

டொமெஸ்டிக் பார்ட்னர்ஷிப் பதிவேடு 2000-இல் தொடங்கியது. முதலில் ஒரே பாலின ஜோடிகளும், 62 வயது கடந்த ஆண்-பெண் ஜோடிகளும்தான் சேரலாம். (மறுமணம் செய்தால் பென்ஷன் போய்விடுமே என்று பயந்த முதியவர்களுக்காகத்தான் அந்த 62.) 2005 முதல் மாநிலச் சட்டத்தில் கணவன்-மனைவிக்கு உள்ள உரிமை, கடமை கிட்டத்தட்ட எல்லாமே சேர்ந்தன. 2020 ஜனவரி 1 முதல் 18 வயது நிரம்பிய எந்த ஜோடியும் பதிவு செய்யலாம்.

பதிவு செய்யும் விதம் எளிது. டிபி-1 என்ற படிவம். இருவரும் நோட்டரி முன் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்துக்கு நோட்டரி அதிகபட்சம் 15 டாலர் வாங்கலாம். படிவத்தை 33 டாலர் கட்டணத்தோடு மாநிலச் செயலர் அலுவலகத்தில் தாக்கல் செய்தால் முடிந்தது. சடங்கு இல்லை, சாட்சி இல்லை. கல்யாணம் என்றால் கவுன்டி அலுவலகத்தில் லைசென்ஸ் வாங்கி, 90 நாளுக்குள் சடங்கு நடத்தி, நடத்தி வைத்தவர் 10 நாளுக்குள் தாளைத் திருப்பி அனுப்ப வேண்டும். பார்ட்னர்ஷிப்பில் இந்த அலைச்சல் கிடையாது.

[திரையில்: ஒரு சம்பளச் சான்று, டபிள்யூ-2. கட்டம் 1-உம் கட்டம் 16-உம் வட்டமிடப்படுகின்றன]

இப்போது இந்தத் தாளைப் பாருங்கள். கட்டம் 1 மத்திய அரசு வரிக்கான சம்பளம், கட்டம் 16 மாநில வரிக்கான சம்பளம். பார்ட்னரை உங்கள் ஆபீஸ் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்திருக்கிறீர்கள், அவருக்காகக் கம்பெனி மாதம் 700 டாலர் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,400. அவர் உங்களையே நம்பி இருப்பவராக இல்லாவிட்டால், அந்த 8,400 டாலர் உங்கள் சம்பளமாகவே கட்டம் 1-இல் ஏறும். கட்டம் 16-இல் ஏறாது. மாநிலத்துக்கு நீங்கள் தம்பதி, வாஷிங்டனுக்கு அறைத் தோழர்கள்.

காரணம் ஒரே ஒரு விதி. மாநிலச் சட்டம் 'திருமணம்' என்று பெயரிடாத எந்த உறவும் மத்திய வரிச் சட்டத்துக்குத் திருமணம் ஆகாது என்று 2016-இல் வரித்துறை எழுதி வைத்துவிட்டது. உள்ளே எவ்வளவு உரிமை இருந்தாலும் சரி, மேலே ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்ப்பார்கள்.

அதனால் வரித் தாக்கலில் வரும் கூத்து இது. ஒருவர் 1,80,000 டாலர், மற்றவர் 60,000 டாலர் சம்பாதிக்கிறார்கள். கலிபோர்னியாவில் தம்பதியின் சம்பாத்தியம் பொதுச் சொத்து. ஆகவே மத்திய அரசுக்குத் தனித்தனி ரிட்டர்னில் ஆளுக்கு 1,20,000 காட்ட வேண்டும். பிடித்த வரியையும் பாதியாகப் பிரித்து, அந்தப் பிரிப்பைக் காட்டும் படிவம் 8958 இணைக்க வேண்டும். மாநிலத்துக்குத் தம்பதியாகவே தாக்கல் செய்யலாம், ஆனால் அதன் கணக்கு மத்திய ரிட்டர்னிலிருந்து தொடங்குவதால், யாருக்கும் அனுப்பாத ஒரு 'பாவனை' கூட்டு மத்திய ரிட்டர்ன் தயாரிக்க வேண்டும். ஆக நாலு ரிட்டர்ன். பலர் தவறுவது எங்கே என்றால், அவரவர் சம்பளத்தை அவரவர் காட்டிவிடுகிறார்கள், 8958 விட்டுப்போகிறது. இவ்வளவு செய்தும் இந்த ஜோடிக்கு வரித்தொகை தம்பதிக்கு வருவதிலிருந்து அதிகம் மாறாது. உழைப்புதான் வீண்.

நிஜமான அடி வேறு இடங்களில் விழுகிறது. எவ்வளவு சொத்தையும் மத்திய வரியில்லாமல் துணைக்கு எழுதி வைக்கும் சலுகை தம்பதிக்கு மட்டும்தான். விசாவும் அப்படியே. சென்னையிலிருந்து எச்-1பி வேலை விசாவில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் போகிறவர், டிபி-1 சான்றிதழை வைத்துக்கொண்டு துணைக்கு எச்-4 என்ற குடும்ப விசா வாங்க முடியாது, கிரீன் கார்டு மனுவும் போட முடியாது. கூட வாழும் துணையாக பி-2 பார்வையாளர் விசா கேட்கலாம், அவ்வளவே. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டம் மட்டும் கொஞ்சம் இளகியது: மாநிலச் சட்டப்படி துணையின் சொத்துக்கு வாரிசாக முடியுமா என்று பார்த்துச் சில பார்ட்னர்ஷிப்புகளை ஏற்கிறது.

இப்போது 2009 மனுவுக்கு வாருங்கள். அது ஜெயித்திருந்தால் ஒரே பாலின ஜோடிகள் மத்திய அரசிடம் இழக்க எதுவும் இல்லை. ஆண்-பெண் மணத்தை மட்டுமே மத்திய அரசு ஏற்கும் என்ற 1996-இன் டோமா சட்டம் அவர்களுக்கு முன்பே எல்லாவற்றையும் மறுத்திருந்தது. மத்திய அரசின் கதவுக்கு வெளியே போய் நிற்கும் ஆபத்து ஆண்-பெண் தம்பதிகளுக்குத்தான். சமத்துவம் வந்திருக்கும், இரு தரப்பையும் ஒரே பள்ளத்தில் இறக்கி. 2013-இல் டோமாவின் அந்தப் பிரிவு ரத்தாகி, 2015-இல் நாடு முழுக்க ஒரே பாலினத் திருமணம் செல்லும் என்றானதும், பெயரை மாற்றும் யோசனைக்கு இருந்த அவசரமும் போய்விட்டது. 2024 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் புரொபசிஷன் 8-இன் வாசகத்தையே 62 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளோடு நீக்கினார்கள்.

பெயரைத் தொடாமல் அரசின் கையை மட்டும் எடுத்த மாநிலமும் உண்டு: அலபாமா. 2015-க்குப் பிறகு சில கவுன்டி நீதிபதிகள் யாருக்குமே லைசென்ஸ் தர மறுத்தார்கள். 2019 ஆகஸ்ட் 29 முதல் லைசென்ஸே கிடையாது, சடங்கும் கட்டாயமில்லை. இருவரும் நோட்டரி முன் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு 30 நாளுக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். படிவத்தின் தலைப்பில் 'திருமணம்' என்றே இருப்பதால் வரியிலும் விசாவிலும் சிக்கல் இல்லை. நடைமுறையில் இது டிபி-1-க்கு அண்ணன் தம்பிதான்.

[திரையில்: டிபி-2 படிவம்]

கடைசியாக, பிரிய நேர்ந்தால். பதிவாகி 5 ஆண்டுக்கு மேல் ஆகாமல், குழந்தையோ கர்ப்பமோ இல்லாமல், வீடு நிலம் இல்லாமல், கடனும் பொதுச் சொத்தும் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்து, ஜீவனாம்சமும் யாரும் கேட்காவிட்டால், டிபி-2 கொடுத்தால் போதும். 6 மாதத்தில் முடிந்துவிடும். அதற்குள் ஒருவர் மனம் மாறினாலும் ரத்து செய்யலாம். இதில் ஒரு நிபந்தனை தவறினாலும் கோர்ட்தான். பார்ட்னர்ஷிப் பதிவு செய்துவிட்டுப் பிறகு அதே நபரைக் கல்யாணமும் செய்தவர்கள் இரண்டையும் முடித்தாக வேண்டும். எஃப்எல்-100 என்ற விவாகரத்து மனுவில் திருமணம், பார்ட்னர்ஷிப் என்ற இரண்டு கட்டத்திலும் டிக் அடியுங்கள். ஒன்றை விட்டால் அந்த உறவு பதிவேட்டில் உயிரோடு இருக்கும், அடுத்து வேறொருவரோடு செய்யும் கல்யாணம் செல்லாது.