சுதந்திர தேவி சிலை: 2.4 மில்லிமீட்டர் தகடு 46 மீட்டர் உயரத்தில் நின்ற கதை

(காட்சி: நியூயார்க் துறைமுகம். படகிலிருந்து தெரியும் சிலை.)

பீடத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பாதத்திலிருந்து தீப்பந்தத்தின் நுனி வரை 46 மீட்டர். மூக்கு மட்டுமே 1.37 மீட்டர். ஆனால் அந்தச் செம்புத் தோலின் கனம் வெறும் 2.4 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய தகட்டை எப்படி உருவாக்கினார்கள், எது தாங்குகிறது, நூறு வருஷத்தில் எங்கே பழுதானது? அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

(காட்சி: பார்த்தோல்டியின் புகைப்படம்.)

சிற்பி ஃபிரெடெரிக் ஓகுஸ்த் பார்த்தோல்டி. 1834-ல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில், கோல்மார் நகரில் பிறந்தவர். 22 வயதிலேயே சொந்த ஊரில் நெப்போலியனின் தளபதி ஜெனரல் ராப்பின் சிலையை நிறுவினார். எகிப்துக்குப் போய் அபு சிம்பெல் என்ற பழங்காலக் கோயிலின் பிரம்மாண்ட உருவங்களைப் பார்த்தபின், அவருக்கு ஆளுயரச் சிலையெல்லாம் போதவில்லை. 1869-ல் சூயஸ் கால்வாய் முகப்பில் விளக்கேந்திய பெண் உருவம் ஒன்றை வைக்கலாம் என்று எகிப்திய ஆட்சியாளரிடம் திட்டம் கொடுத்தார். அது நிராகரிக்கப்பட்டது. 1871-ல் அமெரிக்கா போனார்; நியூயார்க் துறைமுகத்தில் இருந்த பெட்லோ தீவைத் தேர்ந்தெடுத்தார்.

பொதுச் சிலை செய்கிறவர் உளி பிடிக்கும் நேரத்தைவிடப் பணம் திரட்டும் நேரம்தான் அதிகம். சிலைக்குப் பிரெஞ்சு மக்கள், பீடத்துக்கு அமெரிக்கர்கள் என்று ஏற்பாடு. 1876-ல் தீப்பந்தம் ஏந்திய கையை மட்டும் செய்து ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்கு அனுப்பினார்கள். மேலே ஏறிப் பார்க்க 50 சென்ட் கட்டணம். 1878-ல் தலை பாரிஸ் கண்காட்சியில் நின்றது. அதாவது, உள்ளே வரவேண்டிய சட்டகத்தை யாரும் இறுதி செய்வதற்கு முன்பே கையும் தலையும் தயார். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

(காட்சி: பட்டறை. பிளாஸ்டர் மாதிரியின் துண்டுகள்.)

முதலில் ஏறக்குறைய 1.2 மீட்டரில் ஒரு மாதிரி. அடுத்தது 2.85 மீட்டர். மூன்றாவது சுமார் 11 மீட்டர், அதாவது கால் பங்கு அளவு. இதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் நான்கு மடங்கு பெரிதாக்கினார்கள். துண்டைச் சுற்றி அளவு குறித்த ஒரு சட்டம். பக்கத்திலேயே நான்கு மடங்கு பெரிய இன்னொரு சட்டம். தூக்குக்குண்டையும் அளவுகோலையும் வைத்து, சிறிய துண்டின் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெரியதில் குறிப்பார்கள். புள்ளிகளை இணைத்து மரச்சட்டங்களை அடித்து, அதன் மேல் பிளாஸ்டர் பூசி, கையால் மெருகேற்றுவார்கள். மாதிரியில் 2 மில்லிமீட்டர் தவறினால் சிலையில் 8. பக்கத்துத் துண்டின் விளிம்போடு அது பொருந்தவே பொருந்தாது.

கால் பங்கு மாதிரியில் அழகாகத் தெரியும் சின்னச் சின்ன மடிப்புகள் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் குழப்பம். அதனால்தான் இந்தச் சிலையின் ஆடையில் மடிப்புகள் அகலமாகவும் ஆழமாகவும் இருக்கின்றன. முகத்தை மிக அருகில் போய் எடுத்த படத்தைப் பார்த்து 'கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கே' என்று சொல்கிறவர்கள் தவறான இடத்தில் நின்று பார்க்கிறார்கள்.

பிளாஸ்டர் தயாரானதும் தச்சர்களின் வேலை. பிளாஸ்டரின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி பலகைகளை அறுத்துச் சேர்த்து, எதிர்வடிவ மர அச்சு செய்வார்கள். அதற்குள் செம்புத் தகட்டை வைத்து, உள்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டிப் படியவைப்பார்கள். தட்டத் தட்டச் செம்பு இறுகும். சிவக்கச் சூடாக்கி இளக்கி மறுபடி தட்டாவிட்டால் வளைவில் விரிசல் விடும். அச்சில் சரியாகப் படியாத நுணுக்கமான வளைவுகளுக்கு, ஈயத் தகட்டைப் பிளாஸ்டரில் அழுத்தி எடுத்து, அதை அளவாக வைத்துச் செம்பைச் சரிபார்த்தார்கள்.

(காட்சி: சிலையின் உட்புற வரைபடம்.)

உள் அமைப்புக்கு முதலில் பொறுப்பேற்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக், இடுப்பு வரை அறைகள் கட்டி மணல் நிரப்ப நினைத்தார். 1879-ல் அவர் இறந்துவிட, பொறியாளர் குஸ்தாவ் ஈஃபல் வந்தார். அவர் வைத்தது நடுவில் நான்கு கால் இரும்புக் கோபுரம். அதிலிருந்து கிளை பிரியும் சட்டகம். கடைசியில் தோலின் வளைவை ஒட்டி வளைத்த, 50-க்கு 16 மில்லிமீட்டர் அளவுள்ள இரும்புப் பட்டைகள்.

சூட்சுமம் இங்கேதான். பட்டையைச் செம்போடு நேரடியாக ரிவெட் (தறையாணி) அடிக்கவில்லை. செம்பாலான கொக்கிபோன்ற ஒரு பிடி மட்டும் தோலில் ரிவெட் அடிக்கப்பட்டது. பட்டை அதற்குள் லேசாக நகரும். வெயிலில் செம்பு விரிந்தாலும், காற்று மோதினாலும் தோல் கிழியாது.

ஆனால் இரும்பும் செம்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அது ஒரு மின்கலம், இரும்பு அரிக்கப்படும். கட்டியவர்களுக்கு இது தெரியும். அரக்கில் நனைத்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) துணியை நடுவே வைத்தார்கள். நாளடைவில் துணி நைந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். பட்டை பருத்துப் பிடிக்குள் இறுகியது, நகர்வது நின்றது, ரிவெட்டுகள் தோலைப் பிய்த்துக்கொண்டு வந்தன. அந்த ஓட்டைகள் வழியாக மழை உள்ளே இறங்கி இன்னும் துருவேற்றியது.

1984 முதல் 1986 வரை நடந்த பழுதுபார்ப்பில் பட்டைகளை 316எல் ரகத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றி, இடையே டெஃப்லான் நாடா வைத்தார்கள். பழைய பட்டையைக் கழற்றி, அதையே அளவாக வைத்துப் புதியதை வளைத்துப் பொருத்தினார்கள். ஒரே சமயத்தில் சில பட்டைகளை மட்டும்தான் கழற்ற முடியும். மொத்தமாகக் கழற்றினால் தோலுக்குப் பிடிமானமே இருக்காது.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. தலை சட்டகத்தின் மையத்திலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் விலகி நிற்கிறது. கிரீடத்தின் ஒரு கதிர் தூக்கிய கையில் உரசித் துளையே போட்டிருந்தது. கை இணையும் தோள் பகுதியும் பலவீனம். நினைவில் வைக்கச் சொன்னோமே, சட்டகத்துக்கு முன்பே செய்த அதே இரண்டு உறுப்புகள்!

(காட்சி: பழைய தீப்பந்தம்.)

தீப்பந்தத்தின் கதைக்குக் காரணம் வெளிச்ச ஆசை. 1886 அக்டோபர் 28 திறப்பு விழாவுக்குச் சற்று முன், உள்ளே விளக்கு வைக்கச் சுடரில் துளைகள் வெட்டினார்கள். 1916-ல் சிற்பி கட்சன் போர்க்லம் இன்னும் நிறைய வெட்டி, மஞ்சள் கண்ணாடிகள் பதித்தார். அத்தனை இணைப்புகள் வழியாகவும் தண்ணீர் இறங்கி, செப்பனிட முடியாத நிலைக்கு வந்தது. 1986-ல் வைத்த புதிய சுடரில் கண்ணாடி கிடையாது. செம்பின் மேல் மெல்லிய தங்கத் தாள், வெளியிலிருந்து அடிக்கும் விளக்கு. பார்த்தோல்டி முதலில் கேட்டதும் அந்தத் தங்கச் சுடரைத்தான்.