வடசென்னையில் இடிந்து கிடக்கும் கல்லறைக் கோயில்: உள்ளே போய்ப் பார்த்தேன்

வணக்கம் மக்களே. காலை ஆறரை மணி. வடசென்னையில் ஒரு பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள் நிற்கிறேன். எந்தத் தோட்டம் என்று சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் ராத்திரியில் சுவரேறிக் குதித்துப் பேய் வீடியோ எடுக்க நாலு பேர் வருவார்கள். இங்கே படுத்திருப்பவர்களுக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொண்டு, காவலுக்கு இருக்கும் அண்ணனோடுதான் வந்தேன். அண்ணன் ஒன்றுதான் சொன்னார்: "தளத்துக்கு நேர் கீழே நிற்காதே."

அதோ, அரசமரம் தெரிகிறதா? அது தரையில் நிற்கும் மரம் இல்லை. கோயில் சுவரிலேயே முளைத்தது. வேர் சன்னல் வளைவைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. கதவு இல்லை. ஒரு பக்கம் கீல் மட்டும் துருப்பிடித்துத் தொங்குகிறது.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் மழையை எந்தச் சென்னைக்காரரும் மறக்க மாட்டோம். அந்த வாரத்தில்தான் என் ஆயா இறந்துபோனார். குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் வாளியால் இறைத்து ஊற்றினார்கள். அது வரைக்கும் ஆயாவின் பெட்டி இதோ, இந்தக் கல்மேடை மேல்தான் இருந்தது. அப்போதே ஒரு மூலை ஒழுகியது. பெரியப்பா பெட்டியின் தலைமாட்டில் குடை பிடித்தபடி நின்றார். உபதேசியார் "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" என்று சொல்ல, நாங்கள் சொன்ன பதில் மழைச் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை.

கல்லறைக் கோயில் கட்டுவதே இதற்குத்தான். ஞாயிறு பூசைக்கு வேறு கோயில் இருக்கிறது. பெட்டியை இறக்கி வைத்து, ஜெபம் சொல்லி, குழி தயாராகும்வரை வெயிலிலும் மழையிலும் நிற்காமல் இருக்க ஒரு கூரை. அந்தக் கூரைதான் இப்போது பாதிக்கு மேல் தரையில் கிடக்கிறது.

சரி, விழுந்ததைப் பக்கத்தில் காட்டுகிறேன். இது மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய காலத்துத் தளம். தேக்கு உத்தரங்களை அடுக்கி, அவற்றின் மேல் சிறிய செங்கற்களைச் சாய்வாக, குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். இந்தத் துண்டைப் பாருங்கள், ஒவ்வொரு செங்கலும் என் உள்ளங்கை அளவுதான். நாலு செங்கலும் இன்னும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கின்றன. உத்தரம் இற்றுப்போனதால்தான் தளம் இறங்கியிருக்கிறது, சாந்து கைவிடவில்லை.

இப்போது சுவர். இந்த இடத்தை விரலால் தடவுகிறேன். பளிங்கு மாதிரி வழுவழுவென்று, சில்லென்று இருக்கிறது. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைச் சன்னமாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர் எல்லாம் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு. அந்தக் காலத்தில் இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் மெட்ராஸ் சுண்ணாம்பு என்று வியந்து எழுதியது இதைத்தான்.

ஒரு முழம் தள்ளிப் பாருங்கள், சாம்பல் நிறம். நல்ல எண்ணத்தில் யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, செங்கல் பொரிந்து மாவாகிறது. பாருங்கள், நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. பேயும் இல்லை, சாபமும் இல்லை. ஒரு மூட்டை சிமென்டும், பிடுங்காமல் விட்ட ஓர் அரசங்கன்றும்தான். கன்று இரண்டு இலையாக இருந்தபோதே யாராவது பிடுங்கியிருக்கலாம். அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

வாசற்படியை இப்போதுதான் கவனித்தேன். இது கல்லறைக் கல். எழுத்து தேய்ந்துவிட்டது, ஓரத்தில் சிலுவை மட்டும் தெரிகிறது. கருநீலக் கல், பல்லாவரம் பக்கத்துப் பாறை மாதிரி இருக்கிறது. அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்த வகைக் கல் என்பதால் அந்தப் பெயர் வந்தது. நம் ஊர்ப் பாறைக்குக் கல்லறையிலிருந்தே பெயர் கிடைத்திருக்கிறது!

கல்லறைக் கற்கள் இடம் மாறுவது சென்னைக்குப் பழக்கம்தான். உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி இருக்கும் இடம், ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களின் இடுகாடு. 1758-59இல் பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டது. முற்றுகை முடிந்ததும் கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் கோயிலைச் சுற்றிப் பதித்துவிட்டார்கள். இன்றும் அங்கே நடந்தால் அவற்றின் மேல்தான் நடக்க வேண்டும்.

இந்தக் கோயில் முழுசாக இருந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை என்று பங்கில் சொன்னார்கள். அப்புறம்தான் எனக்கு ஒன்று தோன்றியது. நம் வீடுகளில் அடக்கத்துக்கு முன் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று ஒரு போட்டோ எடுப்பார்கள் இல்லையா? இங்கே அதை எடுத்தது இந்த வாசல் படியில்தான். தாத்தாவுடைய போட்டோ என் அத்தை வீட்டுப் பீரோவில் இருக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் பின்னால் வளைவும், மேலே ஒரு சின்ன மணியும் தெரிகின்றன. மணி இருந்ததே அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு போட்டோ இருக்கும். பார்க்க மனசு வராமல் பீரோவின் அடியில் வைத்திருப்பீர்கள். ஒரு தடவை எடுத்து, பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பெட்டியும் முகங்களும் வேண்டாம், அவற்றை மறைத்துவிட்டுச் சுவரை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்பினால் போதும்.