ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நம் வட்டாரத்துக் கால்பந்தைப் பற்றியும், என்னோடு ஆடியவர்களைப் பற்றியும் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் மில்லின் சங்கொலிதான். கோல்களெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. சிங்காநல்லூர்ப் பக்கத்தில் இருந்த ஒரு நூற்பாலையின் ஸ்பின்னிங் பிரிவில் 1978 முதல் பதின்மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்தத் தொழிலாளர்களின் அணியில் வலது பேக்காக ஆடினேன். சுமாரான ஆட்டக்காரன் என்பதை நானே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அணியின் செயலாளரும் நானே என்பதால், பந்துக்குக் காற்றடிப்பது, நுழைவுக் கட்டணம் கட்டுவது, கோட்டுக்குச் சுண்ணாம்பு வாங்குவது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்களைச் சேர்ப்பது என்று மைதானத்துக்கு வெளியில்தான் நான் அதிகம் ஓடினேன்.

கோவையில் மில் வேலை என்றால் மூன்று ஷிப்ட், வாரா வாரம் சுழலும். எங்கள் பட்டியலில் பதினெட்டுப் பேர் இருந்தோம். ஆட்டம் பெரும்பாலும் மாலையில் நடக்கும் என்பதால், அந்த வாரம் பிற்பகல் ஷிப்டில் இருக்கும் ஆறு பேர் தாமாகவே கழிந்துவிடுவார்கள். மீதிப் பன்னிரண்டு பேரில் ஒருவர் வீட்டில் சீர் இருக்கும், ஒருவருடைய மாமனார் ஊரில் நோம்பி இருக்கும், முந்தைய இரவு ஷிப்டு பார்த்த ஒருவர் எழுப்பினாலும் எழ மாட்டார். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது கால்பந்து விதி. அந்த விதியை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரோடு மைதானத்தில் நின்றபோது நடுவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஆகையால் எங்கள் ஆட்டம் முந்தின நாளே தொடங்கிவிடும். பிற்பகல் ஷிப்டில் இருக்கும் ஆட்டக்காரருக்கு மாற்றாகக் காலை ஷிப்ட்காரர் ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைத்து, அதற்கு மேஸ்திரியின் கையெழுத்தை வாங்கி, அவரும் மறுத்துவிட்டால் பதிலித் தொழிலாளர்களில் யாராவது கிடைப்பார்களா என்று தேடி, அப்படியும் ஆள் கிடைக்காதபோது அரை நாள் சம்பளத்தை இழந்துதான் எங்கள் ஆட்கள் பந்தாட வந்தார்கள். வென்றால் கிடைப்பது ஒரு சுழற்கோப்பையும், ஆளுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளரும்தான். கோப்பையையும் அடுத்த ஆண்டு துலக்கிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் அணியின் அலுவலகம் ஒரு பேக்கரி. கோவைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மில் வாசலுக்கு எதிரில் இருந்த அந்தப் பேக்கரியின் பக்கச் சுவரில், வரும் ஞாயிறு எந்த ஊர், எத்தனை மணி, யார் யார் என்று கரித்துண்டால் எழுதி வைப்பேன். ஷிப்ட் விட்டு வெளியே வருகிறவர்கள் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தச் சுவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் தேங்காய் பன் ஒன்று கூடுதலாகச் செல்லும்.

எங்கள் சென்டர் ஹாஃபைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கார்டிங் பிரிவில் வேலை பார்த்த அவர் எங்கள் எல்லோரையும் விடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எங்களுக்கு அண்ணன். வேகம் கிடையாது, தலையால் முட்டுவதும் அரிது. ஆனால் காற்றை அவரைப் போல அறிந்தவரை நான் கண்டதில்லை. வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆடி முடியும் வரை, அந்த வாசல் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நம் சமவெளிக்குள் புகுந்து வீசுவதை நேயர்கள் அறிவீர்கள். எங்கள் மைதானமோ கிழக்கு மேற்காக அமைந்தது. மேற்குப் பக்கத்துக் கோலைப் பார்த்து ஓங்கி அடித்த கோல் கிக், பாதி தூரம் போய்ச் சற்று யோசித்துவிட்டு அடித்தவனிடமே திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பூவா தலையா போட்டு வென்றால், பல அணித் தலைவர்கள் முதல் பாதியில் காற்றை எதிர்த்து ஆடுவார்கள். களைத்துப்போகும் இரண்டாம் பாதியில் காற்று துணைக்கு இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் அண்ணன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. முதல் பாதியிலேயே காற்றைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பொழுது சாயச் சாயக் காற்று தணிந்துவிடும், இரண்டாம் பாதியில் கிடைக்கும் காற்று பாதிக் காற்றுதான் என்பது அவர் கண்டுபிடிப்பு. எதிர்க்காற்றில் ஆடும்போது பின்னாலிருந்து எங்களுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "பந்தைப் பூமியிலயே வெச்சு ஆடு கண்ணு, மேல போனா அது காத்தோட சொத்து." இன்றைக்குப் பயிற்சியாளர்கள் பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குகிறார்கள், நான் குறை சொல்லவில்லை. எங்களுக்குக் கிடைத்த பயிற்சி அந்த ஒரு வாக்கியம்தான், அதை வைத்துக்கொண்டே பல ஆட்டங்களை வென்றோம்.

எங்கள் மைதானம் செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்தது. கோல் கீப்பர் ஒருமுறை பாய்ந்து விழுந்தால், முழங்கை ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும். தொடக்கத்தில் கோல் கம்பங்கள் மூங்கிலாக இருந்தன. எட்டு கெஜ அகலம், எட்டு அடி உயரம் என்பது விதி. ஆனால் மூங்கில் வெயிலில் வளைந்து வளைந்து, நடுவில் உயரம் ஏழடிக்கு வந்துவிட்டதால், எங்கள் கீப்பர் அந்தக் காலத்தில் நல்ல பெயர் வாங்கினார். பிறகு, மில் வேலையை விட்டுவிட்டு கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போன எங்கள் இடது விங் ஆட்டக்காரர், பழைய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சரியான அளவில் இரண்டு கோல் கம்பங்கள் செய்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கம்பம் சரியான அளவுக்கு வந்த அன்றே எங்கள் கீப்பரின் பெயர் கொஞ்சம் இறங்கியது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சீருடை திருப்பூர்ப் பனியன். வெள்ளைப் பனியனை மொத்தமாக வாங்கி, தெரிந்த சாயப்பட்டறை ஒன்றில் நீலம் தோய்த்து, தகரத்தில் வெட்டிய எண்களை முதுகில் வைத்து நாங்களே பெயின்ட் அடித்தோம். முதல் ஆட்டத்தின் வியர்வையிலேயே சாயம் இறங்கிவிட்டது. எதிரணிக்காரர்களின் சட்டையிலும் எங்கள் நீலம் ஒட்டியது. மறுநாள் ஷிப்டில் நாங்கள் சட்டையைக் கழற்றியபோது, நெஞ்சைப் பார்த்தே யார் யார் ஆடப் போனார்கள் என்று மேஸ்திரி கண்டுபிடித்துவிட்டார்.

இனி நான் சொல்லப்போகிறவர்தான் இந்த உரையை ஒப்புக்கொள்ள என்னைத் தூண்டியவர். அவர் எங்கள் லெஃப்ட் ஹாஃப். இருகூரிலிருந்து சைக்கிளில் வருவார். வீட்டில் இரண்டு எருமையும் ஒரு மாடும் இருந்ததால், மற்ற எங்களுக்கு மில் சங்கு ஒன்றுதான் எஜமான் என்றால், அவருக்குப் பால் சொசைட்டி நேரமும் சேர்ந்து இரண்டு எஜமானர்கள். ஆட்டம் இருக்கும் நாளில் முன்கூட்டியே கறந்து ஊற்றிவிட்டு, சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்து, ஆட்டம் முடிந்ததும் பரோட்டாவுக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிடுவார். ஆறு ஆண்டுகளில் ஓர் ஆட்டத்தையும் அவர் தவறவிடவில்லை. என்னுடைய நோட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு வெற்றிடமும் இல்லை. ஆட்டத்தில் அவர் பிரமாதமானவர் அல்லர். எதிரணியின் நல்ல ஆட்டக்காரர் யார் என்று அண்ணன் விரலைக் காட்டினால் அவரோடு ஒட்டிக்கொண்டு, அன்று முழுவதும் அவரையும் ஆடவிடாமல் தானும் பந்தைத் தொடாமல் இருப்பது அவருடைய வேலை. அந்த வேலைக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

1986-இல் போத்தனூரில் நடந்த ஒரு தொடர் போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். போத்தனூர் ரயில்வே ஊர்; அங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த காலத்திலிருந்து கால்பந்தும் ஹாக்கியும் தழைத்த இடம். அந்த மண்ணில் ஒரு கோப்பை வாங்குவது எங்களுக்குப் பெரிய காரியம். அப்போதெல்லாம் முக்கியமான ஆட்டத்துக்குப் பாலக்காட்டுப் பக்கமிருந்து ஆட்டக்காரர்களை அழைத்து வருவார்கள். அவர்களைக் கெஸ்ட் என்போம். அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் ஆட்டங்களில் பழகிய அவர்களுடைய காலில் பந்து ஒட்டிக்கொண்டிருக்கும். எதிரணி இரண்டு கெஸ்ட்டைக் கொண்டுவருகிறது என்று செய்தி வந்தது. பேக்கரியில் இரவு பத்து மணி வரை பேசி, நாங்களும் ஒருவரை வரவழைப்பது என்று முடிவாயிற்று. பஸ் செலவு, சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். அவருக்கு இடம் வேண்டுமே? லெஃப்ட் ஹாஃபின் பெயரைச் சுவரிலிருந்து நான்தான் அழித்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை; டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் பட்டியலைப் பார்த்துவிட்டும் இருகூர்க்காரர் போத்தனூருக்கு வந்தார். அரை நாள் சம்பளத்தை விட்டு வந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். கோட்டுக்கு வெளியே எங்கள் செருப்புகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி, உப்பு தொட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அந்தக் கெஸ்ட்டுக்கும் கொடுத்தார். கெஸ்ட் நன்றாகத்தான் ஆடினார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எதிரணியின் கெஸ்ட்களில் ஒருவரை யாரும் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை; இரண்டு கோலையும் அடித்தவர் அவர்தான். 2-1 என்று தோற்றோம். திரும்பும் வழியில் நான் அவருடைய சைக்கிளோடு சைக்கிளாகச் சிறிது தூரம் போய், என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "போச்சாது உடுங்ணா, எரும கத்தீட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு வேகமாக மிதித்துப் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் வழக்கம்போல வந்தார். நானும் வழக்கம்போல அவர் பெயரைச் சுவரில் எழுதினேன். மன்னிப்பு என்ற ஒன்றை மட்டும் கேட்கவே இல்லை.

1991-இல் எங்கள் மில் மூடப்பட்டது. அந்தக் கதை கோவையில் பலருக்குச் சொந்தக் கதை என்பதால் நான் விரிக்க வேண்டியதில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைப் போட்டி நம் கோவையில் நடந்தது. கேரளமும் கோவாவும் மோதிய இறுதி ஆட்டத்துக்கு, வாளையாறு தாண்டி வந்த கூட்டத்தோடு கூட்டமாக எங்கள் அணியிலிருந்து பதினாறு பேர் போனோம். வி.பி. சத்யன் தலைமையில் ஆடிய கேரளம் 3-0 என்று வென்றது. 1973-க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் சந்தோஷ் கோப்பை அது என்பதால், அன்று இரவு ரயிலடிவரை மலையாளப் பாட்டுத்தான். சத்யன் தடுப்பாட்டக்காரர். அவர் பந்து வருவதற்கு முன்பே போய் நிற்கும் இடங்களை அண்ணன் எனக்கு விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். கேலரியில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: எங்கள் அணி வரலாற்றில் பதினாறு பேர் ஒரே நேரத்தில், யாரிடமும் கையெழுத்து வாங்காமல், ஷிப்ட் மாற்றாமல் கூடியது அதுதான் முதல் முறை. மாற்றுவதற்கு ஷிப்டே இல்லை.

அதன் பிறகு நாங்கள் அணியாகச் சேர்ந்து ஆடவில்லை. ஒருவர் திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போனார், ஒருவர் சூலூரில் விசைத்தறி போட்டார், கீப்பர் ஆட்டோ ஓட்டினார். நான் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பரானேன். அண்ணன் 2011-இல் காலமானார். ஆடி மாதத்தில், அன்றும் நல்ல காற்று.

2019 மார்ச் 9 அன்று, அதே ஊரில், நேரு விளையாட்டரங்கத்தில் சென்னை சிட்டி அணி, இந்தியக் கிளப் அணிகள் மோதும் ஐ-லீக் பட்டத்துக்காக மினர்வா பஞ்சாபோடு ஆடியது. பழைய ஆட்களில் நான்கு பேரைத் தொலைபேசியில் பிடித்தேன். இருகூர்க்காரரும் வந்தார், மாடு கன்றெல்லாம் விற்றாயிற்று, மகன் பார்த்துக்கொள்கிறான் என்றார். மினர்வா முதலிலேயே ஒரு கோல் அடித்துவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் வென்று, இங்கே சென்னை தோற்றால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும் என்பதால், முன்வரிசையில் இருந்த ஒரு கல்லூரிப் பையனின் கைப்பேசியில் எங்கள் ஒரு கண் இருந்தது. இரண்டாம் பாதியில் உருகுவேக்காரரான பெத்ரோ மன்சி பெனால்டியில் சமன் செய்தார். அசாமிலிருந்து வந்த கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1. ஈஸ்ட் பெங்கால் அங்கே வென்றும் ஒரு புள்ளி பின்தங்கியது.

கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டிருந்தபோது, இருகூர்க்காரர் மைதானத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உருகுவேக்காரரும் ஸ்பெயின்காரர்களும் கட்டிப்பிடித்துக் குதிப்பதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, சிரிக்காமல் கேட்டார்:

"ஏனுங்ணா, அத்தன பேரும் கெஸ்ட்டுங்களா?"

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அப்போதுதான் நான் அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அந்தச் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கீழே பாதுகாப்பாக வைத்திருந்த என் செருப்பை எடுத்து என் முன்னால் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

வணக்கம்.