கோவில் முற்றத்தில் இருவர்
(ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புக்குரிய பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

இன்று பிப்ரவரி 2. கிறிஸ்து பிறப்பு விழாவிலிருந்து 40-ஆம் நாள். காலையில் கோவிலுக்கு வெளியே நின்று மெழுகுதிரிகளை மந்திரித்தோம், எரியும் திரிகளோடு பவனியாக உள்ளே வந்தோம். இது மிகப் பழைய வழக்கம். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித நாட்டுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண், எருசலேமில் இந்த விழாவைப் பாஸ்கா என்னும் உயிர்ப்புப் பெருவிழா போலப் பெரும் மகிழ்ச்சியோடு கொண்டாடினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். மேற்குத் திருச்சபையில் நெடுங்காலம் இதை மரியாவின் சுத்திகரிப்பு விழா என்றார்கள். 1969-இல் திருவழிபாட்டு நாள்காட்டியைச் சீரமைத்தபோது, இது ஆண்டவரின் விழாவாகவே மறுபடி வைக்கப்பட்டது. வரலாறு இவ்வளவு போதும். நாம் லூக்கா நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்துக்குள் போவோம்.

யோசேப்பும் மரியாவும் கைக்குழந்தை இயேசுவோடு எருசலேம் கோவிலுக்கு வருகிறார்கள். தலைப்பேறான ஆண் குழந்தை ஆண்டவருக்கு உரியது என்பது சட்டம். ஆண் பிள்ளை பெற்ற தாய் 40 நாள் கழித்துக் காணிக்கை செலுத்த வேண்டும் என்பதும் சட்டம். லேவியர் நூல் அந்தக் காணிக்கைக்கு ஓராண்டு ஆட்டுக்குட்டியைக் கேட்கிறது. ஆட்டுக்கு வசதியில்லாதவர்கள் இரண்டு புறாக்கள் கொடுத்தால் போதும் என்று சலுகையும் தருகிறது. மரியாவின் குடும்பம் கொண்டு வந்தது புறாக்களைத்தான். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவர்களிடம் எதுவும் இல்லை. கூட்டத்தில் அவர்களும் ஒரு ஏழைத் தம்பதி, அவ்வளவுதான்.

சரி, அந்தக் குழந்தை யார் என்று அங்கே யாருக்குத் தெரிந்தது? இந்த நிகழ்ச்சி முழுவதிலும் லூக்கா ஒரு குருவைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. கோவிலில் குருக்கள் இருந்திருப்பார்கள், பலிகள் நடந்திருக்கும். ஆனால் நற்செய்தியாளரின் கண் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் காட்டுவது இரண்டே பேரை. ஒருவர் சிமியோன், மற்றவர் அன்னா. எந்தப் பொறுப்பும் பதவியும் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சிமியோனின் வயதை லூக்கா எழுதவில்லை. ஆனால் சாவைப் பற்றி இவ்வளவு நிம்மதியாகப் பேசுகிறவரைத் திருச்சபை தொன்றுதொட்டு முதியவராகவே நினைத்து வந்திருக்கிறது.

மீட்பரைக் காணும்வரை சாகமாட்டார் என்று கடவுளிடம் வாக்குப் பெற்றிருந்த சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்துகிறார். "ஆண்டவரே, உமது சொற்படி உம் அடியான் என்னை இப்போது அமைதியுடன் போகச் செய்கிறீர்" என்கிறார். இந்தச் செபத்தைத் திருச்சபை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். குருக்களும் துறவியரும் ஒவ்வோர் இரவும் படுக்கப் போகும் முன் சொல்லும் இரவு மன்றாட்டில் வைத்திருக்கிறது. துறவறப் பயிற்சியைத் தொடங்கியிருக்கும் இருபது வயது நவசந்நியாசியும் தினமும் அந்தப் பெரியவரின் வார்த்தைகளைச் சொல்லித்தான் கண் மூடுகிறார். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். வாழ்நாளெல்லாம் காத்திருந்த ஒருவர் கடைசியில் சொன்னதை, வாழ்க்கையைத் தொடங்குகிறவர்கள் கற்றுக்கொள்ளும்படி நம் தாய்த் திருச்சபை செய்திருக்கிறது.

அவர் குழந்தையைக் கொஞ்சி ஆசி கூறியதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த இளம் தாயைப் பார்த்து, இக்குழந்தை எதிர்க்கப்படும் அடையாளமாக இருக்கும், உமது உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவிப் பாயும் என்கிறார். கேட்கவே கடினமான சொல். ஆனால் இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரியில் நின்றபோது மரியாவுக்கு இந்தச் சொல் எவ்வளவு துணையாக இருந்திருக்கும்! நடப்பது கடவுளுக்குத் தெரியாமல் நடக்கவில்லை என்று அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்ததே. வீட்டுப் பெரியவர்கள் வாய் திறந்து உண்மையைச் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. "உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இருங்கள்" என்று அடக்கிவிடுகிறோம். சிமியோனை அப்படி அடக்கியிருந்தால் மரியா எதையெல்லாம் இழந்திருப்பார்!

அப்புறம் அன்னா. ஆசேர் குலம், பானுவேலின் மகள். மணமாகி 7 ஆண்டு கணவரோடு வாழ்ந்து கைம்பெண் ஆனவர். வயது 84. கோவிலை விட்டு நீங்காமல் நோன்பிலும் மன்றாட்டிலும் இரவும் பகலும் கடவுளுக்குப் பணி செய்தவர். லூக்கா அவரை இறைவாக்கினர் என்றே அழைக்கிறார். அவர் பேசிய ஒரு வாக்கியம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்த எல்லோரிடமும் அவர் குழந்தையைப் பற்றிப் பேசினார் என்று இருக்கிறது. இதைக் கொஞ்சம் யோசியுங்கள். அந்தப் பெரிய நகரத்தில் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று அந்த 84 வயது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது! யார் சோர்ந்து போனார், யார் இன்னும் நம்பிக்கையோடு இருக்கிறார் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டு, அவர்களுக்காகச் செபித்து வந்தவருக்குத்தான் அது தெரியும். ஒரு மூலையில் உட்கார்ந்து செபமாலை சொல்லும் பாட்டியை, பொழுது போகாமல் இருக்கிறார் என்று நினைக்கிறோம். காத்திருப்பதும் ஒரு திருப்பணி என்பதை அன்னாவிடம்தான் கற்க வேண்டும். நாற்பதே நாளான குழந்தையில் மீட்பைக் காண, பல ஆண்டு செபத்தில் பழகிய கண் தேவைப்பட்டது.

1997-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இந்த நாளைத் துறவியருக்கான நாளாக, அர்ப்பண வாழ்வின் உலக நாளாக அறிவித்தார். 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ், இந்த விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், சிமியோனையும் அன்னாவையும் நினைவுகூர்ந்தபடியே, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் ஓர் உலக நாளை ஏற்படுத்தினார். அது ஜூலை மாதம் நான்காம் ஞாயிறு வருகிறது. துறவியரும் முதியோரும் இப்படி ஒரே நற்செய்திப் பகுதியில் சந்திப்பது பொருத்தமானது. துறவு, முதுமை இரண்டையும் தன் வாழ்க்கையிலேயே இணைத்துக் காட்டிய ஒரு புனிதையை நினைக்கிறேன்.

ஜான் ஜுகான். பிரான்சு நாட்டில் பிரித்தானி பகுதியைச் சேர்ந்த ஏழைப் பெண், வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கண் தெரியாமல் ஆதரவின்றிக் கிடந்த ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டு வந்து தன் கட்டிலைக் கொடுத்தார். பிறகு இன்னொருவர், இன்னும் சிலர். கூடை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு அவர்களுக்குச் சோறு போட்டார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அப்படித்தான் பிறந்தது. பிறகு அவரைத் தலைமையிலிருந்து விலக்கினார்கள். கடைசி 27 ஆண்டுகள் தலைமை இல்லத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். கூட இருந்த இளம் சகோதரிகளுக்கு, சபையைத் தொடங்கியவர் இவர்தான் என்பதே தெரியாது. அவர் அதைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. செபித்தார், துறவறப் பயிற்சியில் இருந்த நவகன்னியருக்கு ஏழைகளை நேசிக்கச் சொல்லிக் கொடுத்தார். 1879-இல் 86-ஆம் வயதில் இறந்தார். 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அந்த 27 ஆண்டுகளையும் வீண் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். நடக்க முடியாமல் வீட்டிலேயே இருக்கும் நம் பங்கு முதியோருக்கு நற்கருணை கொண்டு போகிறார்கள். அவர்களோடு நீங்களும் போங்கள். நற்கருணை கொடுத்ததும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். இத்தனை வருடம் எதற்காகச் செபித்தீர்கள், யாருக்காகக் காத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். ஒருவேளை அந்தப் பட்டியலில் உங்கள் பெயரே இருக்கும். யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற விவரம் பங்கு அலுவலகத்தில் கிடைக்கும். இந்த வாரமே தொடங்குங்கள்.